ஊற வைக்க வேண்டியது எந்தப் பட்டாணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த ‘பச்சைப் பட்டாணி சூப்’ குறிப்பில் இரண்டு வேறு பட்டாணிகள் ஒரே பாத்திரத்தில் விழுந்துவிட்டன. படத்தில் இருப்பது தோட்டோடு, அதாவது மேலுறையோடு, கூடிய பச்சைக் காய். செய்முறையோ இரவு முழுக்க ஊற வைத்து, குக்கரில் நாலு விசில் விட்டு, சிட்டிகை ஆப்ப சோடாவும் இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரும் சேர்க்கச் சொல்கிறது. அது காய்ந்த பட்டாணிக்கான வழி. படத்தை நம்பி ஒரு கிலோ காய் வாங்கி, உட்கார்ந்து உரித்து, செய்முறையை நம்பி அடுப்பில் ஏற்றியவர்களுக்குக் கிடைத்திருப்பது காக்கி நிறத்தில், சோடா வாடை அடிக்கும் ஒரு பசைக் கஞ்சியாகத்தான் இருக்கும்.

எங்கள் கூடலூர் போன்ற கேரள எல்லையூர்களில் இந்தக் குழப்பம் புதிதல்ல. நாடுகாணி இறங்கிக் கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் போனால் ‘கிரீன்பீஸ்’ என்பது பெரும்பாலும் ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ப்பால் கறி. அதில் விழுவது ஊற வைத்த காய்ந்த பட்டாணி. அங்கே கடையில் பாசிப்பயறை மனதில் வைத்து ‘பச்சைப்பயறு’ என்று கேட்டால், நீளமான பயற்றங்காய்க் கட்டை எடுத்து நீட்டினாலும் நீட்டுவார்கள். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கி வரும் காய் வேண்டுமென்றால் ‘ஊட்டிப் பட்டாணி, தோட்டோடு’ என்று கேட்பதுதான் வம்பில்லாத வழி.

பச்சைப் பட்டாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை ஏன் ஊற வைக்க வேண்டும்? ஊற வைத்தால் இருக்கிற இனிப்பும் தண்ணீரோடு போகும். அந்த இனிப்புக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. கொடியிலிருந்து பறித்த பிறகும் பட்டாணி உயிரோடுதான் இருக்கிறது. சர்க்கரையில் ஒரு பகுதியை மூச்சுவிட்டே செலவழிக்கிறது, மீதியை மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டே போகிறது. வெயிலில் கிடந்த மூட்டையில் இது வேகமாக நடக்கும், ஃப்ரிட்ஜில் மெதுவாக நடக்கும், நிற்பது மட்டும் இல்லை. ஆகையால் வாங்கிய அன்றே செய்வது உத்தமம். முடியாவிட்டால் உரிக்காமல், துணிப்பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் அதிகம் போனால் இரண்டு நாள் வைக்கலாம். ராத்திரியே உரித்து டப்பாவில் போட்டு வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், ருசியை மிச்சப்படுத்தாது.

காய் பார்த்து வாங்குவதில்தான் பாதி சூப் இருக்கிறது. காம்புப் பக்கத்துக் குல்லாய் வாடாமல் பச்சையாக இருக்க வேண்டும். நாலைந்து காயைக் கையில் அள்ளித் தேய்த்தால் ‘கிறீச்’ என்று சத்தம் வந்தால் புதிது. தோட்டின் மேல் வெளிறிய வலைப்பின்னல் தெரிந்தாலோ, ஆட்டினால் உள்ளே கடகடவென்று உருண்டாலோ முற்றியது. ஒரு காயைப் பிளந்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. மணிகள் ஒன்றையொன்று நெருக்கிச் சதுரமாகியிருந்தால் அது கூட்டுக்கும் குருமாவுக்கும் ஆகும், சூப்புக்கு ஆகாது.

சந்தேகம் தீராவிட்டால் உப்புத் தண்ணீர் சோதனை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் உப்பைக் கரைத்து, உரித்த மணிகளில் ஒரு கைப்பிடியைப் போட்டுக் கலக்கினால் இளசு மிதக்கும், மாவு ஏறியது அடியில் போய் உட்காரும். டின்னில் அடைக்கும் ஆலைகளிலும் உப்புநீரில் மிதக்கவிட்டுத் தரம் பிரிக்கும் வழக்கம் உண்டு. சோதித்த மணிகளை உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

காய்ந்த பிறகு சுருங்கிப்போகும் ரகம்தான் பச்சையாகத் தின்ன இனிப்பானது, உருண்டையாகவே காய்வது பருப்புக்கு ஏற்றது. மரபியலின் முன்னோடி கிரிகோர் மெண்டல், பெற்றோரின் குணம் சந்ததிக்கு எப்படிப் போகிறது என்று 1866-ல் வெளியிட்ட கட்டுரையில் உருண்டை, சுருக்கம் என்று பிரித்து எண்ணியது இந்த வேறுபாட்டைத்தான். சுருங்கும் ரகத்தில் மாவுச்சத்தைக் கட்டும் நொதி (என்சைம்) ஒன்று பழுது. அதனால் சர்க்கரை அதிகம் தங்குகிறது. விதையின் அந்தக் குறையைத்தான் நாம் ருசி என்கிறோம்.

உரித்துக் குவித்து விற்கும் பட்டாணியில் ஒரு எச்சரிக்கை. கண்ணைப் பறிக்கும் ஒரே பச்சையாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பத்து மணிகளைப் போட்டு அரை மணி நேரம் வைக்கவும். தண்ணீரில் பச்சை இறங்கினால் சாயம் ஏற்றியது. அதைக் குப்பையில் போடுங்கள், கழுவிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம்.

இனி அளவு, நாலு பேருக்கு. காய் 1 கிலோ. உரித்தால் சுமார் 400 கிராம் மணி கிடைக்கும்; அதில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைக்கவும். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு இரண்டு பல், வெண்ணெய் 20 கிராம், புதினா ஐந்தாறு இலை, உப்பு, மிளகு. வேறு ஒன்றும் வேண்டாம். மஞ்சள்தூள் பச்சையை அழுக்காக்கும். தக்காளி போட்டால் அதன் புளிப்பே நிறத்தைக் கெடுக்கும். சோம்பு, பட்டை, கிராம்பு போட்டால் குருமா வாசனை வந்துவிடும். பட்டாணி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

உங்கள் குறிப்பு தோட்டைக் குப்பைக்கு அனுப்பிவிட்டது. சூப்பின் தண்ணீரே அதில்தான் இருக்கிறது. கறுப்புப் புள்ளி, பூச்சித் துளை இல்லாத தோடாகப் பார்த்து 250 கிராம் அளவு பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவி, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்போடு திறந்தபடி 20 நிமிடம் கொதிக்க விடவும். அதற்கு மேல் போனால் புல் வாடையும் லேசான கசப்பும் இறங்கும். வடித்தால் முக்கால் லிட்டர் அளவுக்கு இளம்பச்சையாக, கரும்புச் சாற்றின் தூரத்து உறவு மாதிரி ஒரு தண்ணீர் கிடைக்கும். தோட்டையும் சேர்த்து மிக்ஸியில் அடிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. தோட்டின் உட்புறத்தை நகத்தால் கீறினால் கண்ணாடித் தாள் போல ஒரு தோல் உரியும். அது எத்தனை அடித்தாலும் அரையாது, தொண்டையில் நார் நாராக நிற்கும்.

கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, நறுக்கிய வெங்காயமும் பூண்டும் சிறு தீயில் ஐந்து ஆறு நிமிடம். கண்ணாடி போல ஆனால் போதும், பொன்னிறமாக விடக்கூடாது. வெங்காயம் சிவந்தால் சூப்பும் பழுப்படிக்கும். மணி ரொம்ப இளசாக இருந்தால் சூப் நீர்க்கும். அப்போது 50 கிராம் உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி இந்த நேரத்தில் சேர்த்து, கொஞ்சம் தோட்டுத் தண்ணீரில் முதலில் வேக வைத்துவிடலாம். கார்ன்ஃப்ளாரை விட இது எவ்வளவோ மேல். மாவு கரைத்து ஊற்றிய சூப் ஆறியதும் கூழாகிறது, வாயில் பட்டாணி ருசி எழுவதற்குள் மாவு முந்திக்கொள்கிறது.

தோட்டுத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, தளதளவென்று கொதி வந்த பிறகு மணிகளை ஒரேயடியாகக் கொட்டவும். மூடி போட வேண்டாம். மறுபடி கொதி வந்ததிலிருந்து நாலு, ஐந்து நிமிடம். கடைசி அரை நிமிடத்தில் புதினா. ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால் தோல் தனியே வழுக்கி, உள்ளே பருக்கை தட்டாமல் வெண்ணெய் மாதிரி பிதுங்க வேண்டும். அதுதான் இறக்கும் பதம்.

மூடி வேண்டாம் என்பது அழகுக்காகச் சொன்னதல்ல. காய்க்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. காய் வேகும்போது அதிலிருந்தே சிறிது அமிலம் வெளியேறும். மூடியிருந்தால் அது ஆவியாகப் போக வழியில்லாமல் திரும்பப் பாத்திரத்திலேயே சொட்டி, மக்னீசியத்தை வெளியே தள்ளுகிறது. பச்சை போய்க் காக்கி வருவது அதனால்தான். குக்கரில் அமிலமும் அடைபட்டு, சூடும் 120 டிகிரியை நெருங்குவதால் ஒரு விசிலிலேயே கதை முடிந்துவிடும். ஆப்ப சோடா போட்டால் பச்சை நிற்கும், உண்மை. ஆனால் மணி குழைந்து வழவழக்கும், தயமின் என்கிற பி1 வைட்டமின் சிதையும், சோப்பு ருசி ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் வேகிற பொருளுக்கு அந்த வேலை எதற்கு?

நேரக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள கூடலூரில் 97 டிகிரிக்குப் பக்கம், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 92, 93. சமவெளிக்கு எழுதிய நிமிடத்தோடு ஊட்டியில் இரண்டு, மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். விரல் சோதனை எந்த உயரத்திலும் பொய் சொல்லாது.

இறக்கியதும் பாத்திரத்தை அப்படியே அகலமான தட்டுத் தண்ணீரில் இறக்கி வைத்துப் பத்து நிமிடம் ஆற விடவும். சூட்டிலேயே கிடந்தால் நிறம் தொடர்ந்து மங்கும். இன்னொரு காரணமும் உண்டு. கொதிக்கக் கொதிக்க மிக்ஸி ஜாரில் ஊற்றி மூடிச் சுற்றினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கை வெந்துபோகும். ஆறிய பிறகும் ஜாரில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். மூடியின் நடுவில் உள்ள சிறு மூடியைக் கழற்றிவிட்டு, மடித்த துணியால் பொத்திக்கொண்டு, முதலில் விட்டு விட்டுச் சுற்றி, பிறகு இரண்டு நிமிடம் தொடர்ந்து ஓட்டவும். முதலில் மணிகளை மட்டும் கொஞ்சம் தண்ணீரோடு அரைத்து, மீதித் தண்ணீரைப் பிறகு சேர்த்தால் நைசாக வரும். எல்லாத் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றினால் மணிகள் பிளேடுக்குத் தப்பித்து நீந்திக்கொண்டிருக்கும்.

பெரிய கண் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் தோல் மட்டும் மேலே நிற்கும். டீ வடிகட்டியை எடுத்தால் சதையும் நின்றுபோய்த் தண்ணீர்தான் மிஞ்சும். நார்ச்சத்து வேண்டும் என்பவர்கள் வடிகட்டாமலே குடிக்கலாம், குற்றமில்லை. முற்றிய காயென்றால் மட்டும் வடிகட்டியே ஆக வேண்டும்.

மறுபடி அடுப்பில் வைத்து ஆவி பறக்கும் வரை சூடாக்கினால் போதும். தனியே வைத்த கைப்பிடி மணியை மூன்று நிமிடம் வேக வைத்து மேலே தூவலாம். கடைசியில் பால் ஆடையோ க்ரீமோ ஊற்றுவது வழக்கம். மலபார் பக்கத்து அடுக்களையில் கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி ஊற்றுவதும் பொருந்துகிறது. சொல்லப்போனால் பட்டாணியின் இனிப்போடு க்ரீமைவிட நன்றாகவே சேர்கிறது. தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். குறுமிளகை அப்போதே கொரகொரப்பாகத் தட்டிப் போடவும். எலுமிச்சை பிழிபவர்கள் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த பிறகு பிழிந்துகொள்ளட்டும். பாத்திரத்தில் பிழிந்தால் இவ்வளவு பாடுபட்டுக் காத்த பச்சை கண்ணெதிரே மங்கும்.

காய்ந்த பட்டாணி சூப்பை மட்டமாகச் சொல்லவில்லை. சுவீடனில் வியாழக்கிழமைக்கென்றே காய்ந்த மஞ்சள் பட்டாணி சூப் உண்டு. அது மணிக்கணக்கில் கொதித்துக் கெட்டியாக வேண்டிய பண்டம். பிரான்சில் ‘சாந் ஜெர்மன்’ என்று பெயர் பெற்றது பச்சைப் பட்டாணி சூப். இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதினால் வாசகர்களுக்கு உபயோகமாக இருக்கும். கேட்பது அவ்வளவுதான்.

மார்கழி, தையில் வடநாட்டுக் காய் வந்து விலை இறங்கும்போது நிறைய வாங்கி ஃப்ரீசரில் வைப்பவர்கள் பச்சையாக அப்படியே வைக்கிறார்கள். உள்ளே நொதிகள் வேலை செய்துகொண்டே இருப்பதால் சில வாரத்தில் வைக்கோல் வாடை வரும். அரை கிலோ மணிக்கு மூன்று லிட்டர் கொதிநீர் வைத்து ஒன்றரை, இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறைய வைத்த பிறகு பையில் கட்டினால் மாதக்கணக்கில் நிற்கும், கட்டியாகவும் ஒட்டாது. சூப்புக்கு எடுக்கும்போது உருக விடாமல் நேரே கொதிநீரில் போடவும், மூன்று நிமிடம் போதும். தோடு இல்லாத குறைக்கு வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை வேக வைத்த தண்ணீர் ஓரளவு ஈடு கட்டும். ஐந்து நாள் வாடிய தோட்டுக் காயைவிட இந்த ஃப்ரீசர் பட்டாணியே மேல்.

மிஞ்சிய சூப் ஃப்ரிட்ஜில் இரவு கழித்தால் இறுகும். கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திச் சூடாக்கவும், கொதிக்க வேண்டாம். தேங்காய்ப்பால் ஊற்றியதை மட்டும் மறுநாளுக்கு வைக்காமல் அன்றே காலி செய்துவிடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.