ஸ்காபரோ மூத்தோர் சங்கம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

தைப்பொங்கல் வழமைபோல் நடந்தது. யூலையில் நயாகராச் சுற்றுலாவும் புரட்டாதியில் வாணி விழாவும் குறைவின்றி நிறைவேறின. நிர்வாகசபை பத்து முறை கூடியது. இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த நான்கு அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கும் சங்கத்தின் சார்பில் நேரில் சென்று ஆறுதல் கூறினோம்.

இனி, மார்ச் மாதம் முதல் என் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வருகிறேன்: மூடப்பட்ட பே கடையின் இடத்தில் இனி என்ன வரும் என்பது. இதற்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று சிலர் என்னிடமும், வேறு சிலர் எனக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

1670 இல் தொடங்கிய, கனடா முழுவதும் பல்பொருள் அங்காடிகள் நடத்திய ஹட்சன்ஸ் பே நிறுவனம் 2025 மார்ச் 7 அன்று கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. யூன் 1 அன்று நாடு முழுவதும் அதன் கடைகள் மூடப்பட்டன. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். ரொறன்ரோவின் கிழக்கே நம் ஸ்காபரோ ரவுன் சென்ரர் என்ற கடைத்தொகுதியில் இருந்த பே கடையும் அன்றோடு முடிந்தது. இதேபோன்ற பெரிய கடைகளான ஈட்டன்ஸ் 1999 இல் முறிந்ததையும், ரார்கெட் வந்த வேகத்தில் 2015 இல் போனதையும், சியர்ஸ் 2018 சனவரியில் கதவடைத்ததையும் கண்டவர்கள் நாம். முதல் மாரிக்கு யாரோ தந்த பழைய அங்கியோடு வந்து, அடுத்த மாரிக்கு சியர்ஸ் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பிள்ளைகளுக்கு அங்கி வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள்.

நமது மாரிகால நடைக்குழு கார்த்திகை முதல் பங்குனி வரை அந்தக் கடைத்தொகுதிக்குள்தான் நடக்கிறது. வெளியே உறைபனி, வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். பே கடை வாசலைத் தொட்டுத் திரும்பினால் ஒரு சுற்று என்பது நம் கணக்கு. இப்போது அங்கே வெள்ளைப் பலகை அடித்திருக்கிறது. குழுவில் மூத்தவரான அம்மா ஒருவர், முன்பு கதவின் கைபிடியைத் தொட்ட அதே உயரத்தில் அந்தப் பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். அந்த இடத்தில் மட்டும் விரல் பட்டு மங்கலாக ஒரு கறை விழுந்துவிட்டது.

அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்பதே என் கேள்வி. பெரிய கடைகளின் பழைய குத்தகைகள் பல தசாப்தங்களுக்கு எழுதப்பட்டவை. கடையின் சம்மதமின்றி வாகனத் தரிப்பிடத்தில்கூடக் கட்டடம் எழுப்ப முடியாதபடி அவற்றில் பலவற்றில் நிபந்தனை இருக்கும். குத்தகை போனால் அந்தத் தடையும் போய்விடும். 25 கடைகளின் குத்தகைகளை ஒரு தொழிலதிபருக்கு மாற்றித்தரக் கேட்ட மனுவை ஒன்ராறியோ நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் நிராகரித்தது. ஆகவே இனிப் பேசவேண்டியது நில உரிமையாளர்களோடும் மாநகரசபையோடும்தான். 2023 யூலையில் தடம்புரண்ட பின் ஓடாமலே நின்றுவிட்ட நம் ரயிலுக்குப் பதிலாக 7.8 கிலோமீற்றர் சுரங்கப்பாதை வருகிறது. மூன்று நிலையங்களில் ஒன்று இங்கேயே. நிலையம் வரும் இடத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழும். ரொறன்ரோவின் பதுர்ஸ்ட், புளோர் சந்தியில் 1948 முதல் ஏழைக்கும் வந்தேறிக்கும் சட்டி பானை விற்ற ஹொனெஸ்ற் எட்ஸ் 2016 இன் கடைசி நாளில் மூடப்பட்டது. இன்று அங்கே வாடகைக் குடியிருப்புகள் நிற்கின்றன.

நான் கோபுரங்களுக்கு எதிரானவன் அல்லன். பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். ஆனால் வின்னிபெக்கில் நடந்ததைப் பாருங்கள். 1926 இல் கட்டிய பே கட்டடம் 2020 இல் மூடப்பட்டது. 2022 ஏப்ரலில் நிறுவனம் அதைத் தென் மனிற்றோபாவின் முதற்குடி மக்களின் தலைவர்கள் அமைப்பிடம் கையளித்தது. ஏறத்தாழ முந்நூறு வீடுகள், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதற்குள் வரும்படி திட்டமிட்டார்கள். அந்த மக்கள் தமக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார்கள். நாமும் கேட்கவேண்டும்: தரைத்தளத்தில் ஒரு மூத்தோர் பகல் நிலையம், உள்ளே நடக்க ஒரு பாதை, படியேறாமல் போகக்கூடிய கழிவறை. இவை வரைபடத்தில் ஏறுவதற்கு முன்பே கேட்கவேண்டியவை. வெளிச்சம் உள்ளே எட்டாத அகன்ற தளமும் யன்னலில்லாத சுவரும் உள்ள இத்தகைய கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுவது கடினம். மண்டபத்துக்கோ நடைபாதைக்கோ அது குறையே இல்லை.

இதற்காக மனு எழுதினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் மூன்று முறை திருத்தினேன். மாநகரசபை உறுப்பினரின் அலுவலகத்தில் அதைக் கையளிக்கப் போனபோது நாங்கள் ஐந்து பேர். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர். அன்று மழையும் இல்லை, பனியும் இல்லை. காரணம் சொன்னவர்களைக் குறை சொல்லவில்லை, சொல்லாதவர்களைப் பற்றித்தான் மனம் நொந்தது. அதே வாரம் நடந்த பிறந்தநாள் விருந்தில் எல்லோரையும் கண்டேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு செலவை ஓரளவு ஈடுகட்டியது. மண்டப வாடகை ஏறிவிட்டது. சந்தா செலுத்தியவர்கள் பாதியை விடச் சற்றுக் கூட. இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தாதவர்களின் பெயரை வாசிக்கும்படி சிலர் கூறினார்கள், நான் மறுத்துவிட்டேன். ‘தளபாடம்’ என்ற தலைப்பில் உள்ள தொகை குறித்து முன்கூட்டியே கேள்வி வந்தது. மே மாதக் கடைசி வாரத்தில் பே கடையில் பொருள் அடுக்கும் தட்டுகளையும் உடுப்பு மாட்டும் பொம்மைகளையும்கூட விலையொட்டி விற்றார்கள். உடுப்புத் தொங்கவிடும் சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் ஒன்றை நான் சங்கத்துக்காக வாங்கினேன். முன்அனுமதி பெற நேரம் இருக்கவில்லை. இன்று உங்கள் மாரி அங்கிகள் எல்லாம் பின்னால் தொங்குவது அந்தச் சட்டத்தில்தான்.

மண்டபம் தந்த பாடசாலைக்கும், சிற்றுண்டி தந்த அம்மாமாருக்கும், வாகனம் ஓட்டி உதவிய தம்பிமாருக்கும், உடன் உழைத்த நிர்வாகசபைக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. மீண்டும் இப்பொறுப்பை ஏற்கும்படி தலைவர் ஐயா கேட்டிருக்கிறார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை மாநகரசபைப் பக்கம் போகும்போது என்னோடு வர இருபது பேராவது இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். பெயர் எழுதும் தாள் அங்கிச் சட்டத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டு வைத்திருக்கிறேன். சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது, பொருளாளர் கூட்டம் முடியும்வரை அமர்ந்திருப்பார்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்