கணக்கை முடிக்கும் முன் பாஸ்புக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பாதித்தவர் இறந்துபோன வீட்டில், காரியம் முடிந்த கையோடு வங்கிக் கணக்கை முடித்து இருப்பை வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பாஸ்புக்கில் கடைசி வரை பதிவு போட்டு வாங்கிப் பாருங்கள்.

மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிரீமியம். ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை பாதுகாப்பு உண்டு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், நியமனதாரருக்கு (நாமினிக்கு) 2 லட்சம் ரூபாய் வர வேண்டும்; புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளுக்குள் என்றால் விபத்தில் இறந்தவருக்கு மட்டும். ஆண்டின் இடையில் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டு 342, 228 அல்லது 114 ரூபாய் கழிந்திருக்கும். 436-ஐ மட்டும் தேடினால் இது கண்ணில் படாது. 20 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் சுரக்‌ஷா காப்பீடு, விபத்துக்கு மட்டும். அதற்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள்.

பணம் கிடைக்காமல் போவதற்கு ஒரு காரணம்: மே கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாமல் பிரீமியம் கழியாதது. இரண்டு வங்கிகளில் கழிந்திருந்தாலும் ஒரு தொகைதான் கிடைக்கும். ஜீவன் ஜோதி 55 வயதோடு நின்றுவிடும். கோரிக்கைப் படிவத்தை வங்கிக் கிளையிலேயே, 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

பி.எஃப். பிடித்த வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால், சேர்ந்த பணத்தோடு குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. பி.எஃப். உறுப்பினருக்கு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடும் உண்டு. இதற்குத் தொழிலாளியிடம் ஒரு பைசாவும் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனால் சம்பளச் சீட்டில் இது பிடித்தமாகத் தெரியாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். பி.எஃப். உடன் சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஒரே ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. பி.எஃப். பணம், காப்பீடு, ஓய்வூதியம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் இருக்கிறது.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், இறப்புச் சான்றில் இன்ஷியலே இல்லை என்று இருக்கும். இறப்பைப் பதியும்போதே ஆதாரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். நியமனதாரர் பெயர் இல்லாத கணக்கு என்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

இறந்தவர் கணக்கில் இந்தப் பிரீமியம் கழிந்திருப்பது வங்கியின் கணினியிலேயே தெரியும். இறப்புச் சான்றைக் கொண்டுவருபவரிடம் கணக்கு முடிக்கும் படிவத்தை நீட்டும் முன், காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தைக் கொடுக்கும்படி எல்லா வங்கிகளும் தங்கள் கிளைகளுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்