மர்மப் படங்களை மத்தியானத்தில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்ததிலிருந்து வேலூரில் பகலெல்லாம் மலைப்பாறைகள் உமிழும் வெக்கையும், பொழுது சாய்ந்ததும் இடியும் மின்னலுமாக ஒரு மணி நேர மழையும் என்று நாட்கள் கழிகின்றன. இன்னும் சில வாரங்களில் புரட்டாசி முடிந்து ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். இந்தப் பருவம் நெருங்கும்போது பழைய பேய்ப் படங்களையும் மர்மப் படங்களையும் தேடி எடுத்து இரவில் பார்ப்பது எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். அந்தப் படங்களைத் தொலைக்காட்சிகள் நடத்தும் விதம் எனக்குப் பெரும் வருத்தம் தருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதாகக் கூதிரைச் சொன்ன தொல்காப்பியம், சிறுபொழுதாக யாமத்தை, அதாவது நள்ளிரவை, அதனோடு சேர்த்தே வைத்தது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையை வகுப்பில் நடத்திய ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சேர்க்கையின் பொருத்தத்தை நான் உணர்ந்திருக்கிறேன். விடாத தூறலில் மாடு மேய்க்கும் கோவலர் நெருப்பைச் சுற்றி நடுங்கி நிற்க, அரண்மனையில் அரசி உறக்கமின்றிக் கிடக்க, பாசறையில் அரசன் நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாமல் விழித்திருக்கும் அந்தப் பாட்டில் பேய் ஏதும் தலைகாட்டுவதில்லை; ஆனால் மழையும் இருளும் வாடைக்காற்றும் மனிதர்களை என்ன செய்யும் என்பது அதில் இருக்கிறது. புரட்டாசி மகாளய அமாவாசையில் நீத்தாரை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்த கையோடுதான் நாம் இந்தப் பருவத்துக்குள் நுழைகிறோம். மேலை நாடுகளில் இலையுதிர்காலம் வந்து, அக்டோபர் கடைசி இரவை ஆவிகளுக்கென்று ஒதுக்கி, பழைய திகில் படங்களைப் பார்த்து மகிழ்கிறார்கள். நமக்கு இலை உதிர்வதில்லை, மழை பெய்கிறது. மற்றபடி மனம் ஒன்றுதான்.

என் தகப்பனார் குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்தவர். அடைமழை பிடித்தால் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட முடியாது. தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும். ஐப்பசியில் வேலை பாதி நாள் நின்றுபோகும் என்பதால் வீட்டில் காசு தட்டுப்பாடான மாதமும் அதுவே, அப்பாவுக்கு இரவு ஓய்ந்திருந்த மாதமும் அதுவே. ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி, ஆற்று மணலைக் கூட்டி மேடாக்கி என்னை உட்கார வைத்து, இரண்டாம் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போவார். எழுபதுகளின் தொடக்கம் அது. ‘யார் நீ’ படத்தை அங்கேதான் பார்த்தேன். மழை இரவு, ஆளில்லாத சாலை, வெள்ளைப் புடவையில் ஒரு பெண். கொட்டகைக்கு வெளியிலும் அதே மழை பெய்துகொண்டிருந்ததால் திரைக்குள் பெய்வது எது, கூரைமேல் பெய்வது எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான் என்பதால் படச்சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அப்போது சுற்றியிருந்த பெரியவர்களின் முகங்களிலும் என் முகத்தில் இருந்த அதே கலக்கத்தைக் கண்டேன். பயம் எல்லாருக்கும் பொது என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த விளக்கு வெளிச்சம்தான்.

அப்பா ஒன்று சொல்வார்: “பயமா இருந்தா கண்ண மூடிக்கம்மா, காத மட்டும் மூடாத.” நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட ‘நானே வருவேன்’ பாட்டு இன்றும் பி. சுசீலாவின் குரலில் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோலவே எனக்குள் ஒலிக்கிறது. 1966இல் வந்த அந்தப் படம் ஓர் இந்திப் படத்தின் தழுவல்தான், வேதா அமைத்த மெட்டும் அங்கிருந்து வந்ததுதான். அதனால் என் வியப்பு குறையவில்லை. ஸ்ரீதர் 1963இல் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்திலும் பாழடைந்த மாளிகைக்குள் நடப்பவனை முந்திக்கொண்டு அழைப்பது ஒரு பாட்டின் குரலே. ஏ. வின்சென்டின் ஒளிப்பதிவில் அந்த மாளிகையின் படிக்கட்டும் தூணும் சிலந்தி வலையும் தாமே ஒரு பாத்திரமாக நிற்கின்றன. நூறு வயதைக் கடந்தும் பகை தீராத ஜமீன்தாராக நம்பியார் வந்து நிற்கும் காட்சியில் கொட்டகையே மூச்சடங்கிப்போனது.

கண்ணை மூடியும் காதைத் திறந்தும் பார்க்க வேண்டிய படங்களைத் தமிழுக்குத் தந்தவர்களில் எஸ். பாலசந்தரைத்தான் நான் முதலில் வைப்பேன். வீணை மேதையாக உலகம் அறிந்தவர், 1982இல் பத்ம பூஷண் பெற்றவர். ஒரு நாதத்துக்கும் அடுத்த நாதத்துக்கும் நடுவே எவ்வளவு மௌனம் விடலாம் என்று கைவிரலால் அறிந்த ஒருவர் மர்மப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ சான்று. பாட்டில்லாமல் தமிழ்ப் படம் உண்டா என்றிருந்த காலத்தில் அதில் ஒரு பாட்டுகூட இல்லை. 1943 அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டிய கதை. ஆக அதுவும் இதே பருவத்தில் நடப்பதே. படம் தொடங்கியவுடன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டுக்காரர், ஆசைநாயகி என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் இறந்தவர் வேறொரு மனிதராக நம்முன் எழுந்து வருகிறார். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ராஷோமோன்’ படம் தந்த தாக்கம் அது. ஆனால் ஜாவர் சீதாராமனின் எழுத்தில் அது முழுக்க முழுக்கச் சென்னைக் குடும்பத்தின் கதையாகிவிட்டது. துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. பத்து வருடம் கழித்து ‘பொம்மை’யில் வெடிகுண்டை வைத்திருக்கும் ஒரு பொம்மை நகரத்தில் கை மாறிக் கை மாறிச் செல்வதைக் காட்டி, எந்தப் பேயும் இல்லாமலே பாலசந்தர் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்தார். 1970இல் வெளியான ‘நடு இரவில்’ படத்தில் தனித்த தீவு வீடொன்றில் கூடிய சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். யார் செய்தது என்று இங்கே எழுதமாட்டேன். பார்க்காத இளையவர்கள் பலர் இருப்பார்கள்.

இந்தப் படங்கள் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. மனநோயால் வாடும் ஒருவரைப் பயமுறுத்தும் பொருளாக்கியிருப்பது ‘நடு இரவில்’ படத்தை இன்று பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது. வேறு பல படங்களில் நகைச்சுவைப் பகுதி நீண்டு நல்ல திகிலைக் குலைத்துவிடுகிறது. ஆயினும் அக்காலத்துப் படங்களில் பேய் என்று நாம் அஞ்சியது பெரும்பாலும் சொத்துக்காக வேடமிட்ட மனிதனாகவே கடைசியில் வெளிப்பட்டது என்பதை நான் பெருமையாக நினைக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் புளியமரச் சாலையில் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்த எனக்கு, பேயைவிட மனிதனின் பேராசையை அஞ்ச வேண்டும் என்று அந்த வயதிலேயே புரிந்துபோனது அவற்றால்தான்.

இத்தகைய படங்களை இன்று எப்படிக் காட்டுகிறார்கள்? சென்ற ஆண்டு ஒரு தொலைக்காட்சியில் ‘யார் நீ’ படத்தைப் பகல் பதினொரு மணிக்கு ஒளிபரப்பினார்கள். தலைப்பு எழுத்துகளை வெட்டிவிட்டார்கள். அகலத் திரைக்குப் பொருந்த வேண்டும் என்று படத்தின் மேலும் கீழும் நறுக்கியதில் நடிகர்களின் நெற்றியே காணாமற்போனது. இருள் நிறைந்த காட்சிகளை வெளுப்பாக்கி நிழலையெல்லாம் சாம்பல் நிறமாக்கிவிட்டார்கள். வெள்ளைப் புடவைப் பெண் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்தது. ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1922இல் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தில் படிக்கட்டுச் சுவரில் ஏறும் நிழல் நூறாண்டு கடந்தும் உலகை நடுங்கவைக்கிறது என்றால், அந்த நிழலை யாரும் வெளுக்கவில்லை என்பதுதான் காரணம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புக்கும் வேலை உண்டு. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது பழைய காலத்து ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு இன்றைய பிள்ளைகள் இதிலென்ன பயம் என்று கேட்டால் அவர்கள்மீது தவறில்லை.

இதை நான் வேலூரிலிருந்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வத’த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். ஆசையோடு இருட்டில் நடனசாலைக்குள் வரும் கீசகனுக்கு, திரௌபதி இருக்க வேண்டிய இடத்தில் பீமன் காத்திருப்பான். இதைவிடத் திகிலான கட்டத்தை எந்த மர்மக் கதைக்காரரும் எழுதிவிட முடியாது. இதே கட்டத்தை நம் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவின்போது தெருக்கூத்தாக விடிய விடிய ஆடக் கண்டிருக்கிறோம். இரவில், ஒன்றாக உட்கார்ந்து, பயந்து பார்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் நடராஜ முதலியாரின் அந்தப் படம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான். அதற்குள் எவ்வளவோ மௌனப் படங்கள் அழிந்துபோயின. எஞ்சியிருக்கும் படங்களையாவது சிதைக்காமல் காட்ட வேண்டாமா?

என் வேண்டுகோள் இதுதான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களிலும் வாரம் ஒரு நாள், சனிக்கிழமையே நல்லது, இரவு பத்து மணிக்குமேல் ஒரு பழைய மர்மப் படத்தை அதன் இயல்பான திரைச் சட்டக அளவில், வெட்டாமல், இடைவேளைக்கு மட்டும் விளம்பரம் வைத்துத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பலாம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் திரையரங்கு உரிமையாளர்களும் கூட்டம் குறைந்த ஒரு வார நாள் இரவுக் காட்சியை இதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம். கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. கண்ணாடிபோல் தெளிவான பிரதியில், இருட்டரங்கில், நூறு பேரோடு உட்கார்ந்து ‘அந்த நாள்’ பார்க்க மாணவர்கள் வருவார்கள் என்று நான் நம்புகிறேன். தங்கள் நாளிதழும் இந்த மழைக்காலத்தில் வாரம் ஒரு படத்தைப் பற்றி, அதை முதன்முதலாகக் கொட்டகையில் பார்த்தவர்களின் நினைவுகளோடு வெளியிட்டால் என்னைப் போன்றோர் மகிழ்வோம். என் தகப்பனாரின் தலைமுறையில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இவ்வாண்டு முதல் படம் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்று முடிவாகியிருக்கிறது. ஐப்பசி முதல் சனிக்கிழமை இரவு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார்க்கப்போகிறோம். மாடியில் குடியிருக்கும் செவிலியர் கல்லூரி மாணவியர் மூவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.