பூஸ்ட்டைக் கூட்டும் முன் பெட்ரோலைக் கணக்கிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டர்போ கார்களின் திறனைக் கூட்டுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றி பூஸ்ட்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) உயர்த்தினால் போதும், கூடுதல் பெட்ரோலை ஈசியூவே பார்த்துக்கொள்ளும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி யாரும் எஞ்சினைப் பறிகொடுத்துவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறோம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க ஈசியூவால் முடியும். குழாயில் வராத பெட்ரோலை வரவழைக்க அதனால் முடியாது.

முதலில் கணக்கு. பூஸ்ட்டில் ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் வேண்டும். 400 குதிரைத்திறன் இலக்கு என்றால் 108 கிலோ, அதாவது சுமார் 146 லிட்டர். நான்கு சிலிண்டருக்குப் பங்கிட்டால் ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 608 மில்லிலிட்டர் தர வேண்டும். 7000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பதே 17 மில்லிவிநாடிதான். அதில் 85 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டரைத் திறந்து வைத்தால் மூடித் திறக்க நேரம் போதாமல் அளவு தடுமாறும். ஆகவே 608-ஐ 0.85-ஆல் வகுத்தால் 715. 750 மில்லிலிட்டர் இன்ஜெக்டர் பொருந்தும். 85 சதவீத எத்தனால் கலந்த எரிபொருள் போடுவதாக இருந்தால் இதே இலக்குக்கு 1000-ஐ நெருங்க வேண்டும். சக்கரத்தில் அளந்த திறனை இந்தக் கணக்கில் போடக் கூடாது, கிராங்க் ஷாஃப்டில் உள்ள திறன்தான் கணக்கு.

மணிக்கு 146 லிட்டர் தேவைக்கு, மணிக்கு 255 லிட்டர் தரும் பம்ப் தாராளம் என்று தோன்றும். பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்திலும் 13.5 வோல்ட்டிலும் எடுத்தது. 1.5 பார் பூஸ்ட்டில் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும், அங்கே அதன் வரத்து கணிசமாகக் குறையும். பம்ப் தயாரிப்பாளரின் வரைபடத்தில் 4.5 பாருக்கு நேரே உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 4.5 பார் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஜெக்டரின் ஒரு பக்கம், அதற்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலின் அழுத்தம்; மறுபக்கம், எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தம். வித்தியாசம் எப்போதும் 3 பாராக இருந்தால்தான் இன்ஜெக்டர் சொன்ன அளவு பெட்ரோலைத் தரும். அதனால் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், பூஸ்ட் ஏறும் அளவுக்கு ரெயில் அழுத்தத்தையும் ஒன்றுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். மேனிஃபோல்டையும் ரெகுலேட்டரையும் இணைக்கும் சின்ன வேக்குவம் ஹோஸ் கழன்றாலோ விரிசல் விட்டாலோ ரெயில் 3 பாரிலேயே நிற்கும். வித்தியாசம் 1.5 பாராகச் சுருங்கி, பெட்ரோல் 29 சதவீதம் குறைந்துவிடும். சோதிப்பது எளிது. ஐட்லிங்கில் ரெயில் அழுத்தக் கேஜைப் பாருங்கள், மேனிஃபோல்டில் வேக்குவம் இருப்பதால் 2.4 பார் அளவில் இருக்கும். ஹோஸைக் கழற்றினால் முள் 3 பாருக்கு ஏற வேண்டும். கழற்றிய ஹோஸின் முனையை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. (டேங்குக்குத் திரும்பும் குழாயே இல்லாத கார்களில் இந்த ஈடுகட்டல் வேறு விதமாக நடக்கிறது, அந்தக் காரின் அமைப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.)

இன்ஜெக்டரை மாற்றாமல் அடிப்படை அழுத்தத்தை மட்டும் 3-லிருந்து 4 பாராக ஏற்றுவோரும் உண்டு. வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்பதால் கிடைப்பது 15 சதவீதம்தான். அதற்காக பம்ப்பின் முதுகில் இன்னும் 1 பார் சுமையை ஏற்றுகிறோம். கொஞ்சம் இடைவெளியை நிரப்பலாம், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம். எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. மிகப் பெரிய பம்ப்பைப் போட்டுவிட்டு மெல்லிய திரும்பு குழாயை அப்படியே விட்டால், ஐட்லிங்கில் மிஞ்சும் பெட்ரோல் போக வழியின்றி ரெயில் அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவே இறங்காது.

வயரிங்கை யாரும் கண்டுகொள்வதில்லை. பெரிய பம்ப் 15 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும், பழைய மெல்லிய வயர் அதைத் தாங்காது. முழு ஆக்ஸிலரேட்டரில் பம்ப்பின் கனெக்டரில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்கும்போது அங்கே 11.5 வந்தால், வாங்கிய பம்ப்பின் ஒரு பகுதி வயரிலேயே சூடாகப் போகிறது. பேட்டரியிலிருந்து தனி ரிலே, 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அதே தடிமனில் எர்த் வயர். இவ்வளவும் செய்தபின் டேங்கில் பம்ப்பைப் பொருத்திய மூடியில் உள்ள கனெக்டரின் பின்களையும் பாருங்கள். கம்பெனி பம்ப்புக்காக வைத்த பின்கள் கூடுதல் மின்னோட்டத்தில் பழுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகுவது அடிக்கடி நடப்பது.

டேங்குக்குள் போடும் ஹோஸ் தனி ரகம். வெளியே போடும் இன்ஜெக்ஷன் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. அதைப் பெட்ரோலுக்குள் மூழ்க வைத்தால் வெளிப்புற ரப்பர் ஊறிப் பருத்து, பிசுபிசுத்து, கிளாம்ப்பிலிருந்து வழுக்கும். உள்ளே எஸ்ஏஇ ஜே30ஆர்10 ரகமே வேண்டும். கிளாம்ப்பும் பட்டையில் துளையுள்ள சாதாரண வகையாக இருக்கக் கூடாது, அது ஹோஸை அறுக்கும். பம்ப்பின் வலைப்பை டேங்கின் அடியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கால் டேங்க்கில் வளைவில் திரும்பும்போது காற்றை உறிஞ்சும். பம்ப்புக்குப் பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர். எத்தனால் என்றால் காகித ஃபில்டர் கூடாது, ஸ்டீல் வலை.

இன்ஜெக்டர் வாங்கும்போது ஓம் அளவைக் கேளுங்கள். 12 முதல் 16 ஓம் இன்ஜெக்டருக்கான ஈசியூவில் 2, 3 ஓம் இன்ஜெக்டரை நேரடியாக இணைத்தால் ஈசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும். டெட் டைம் (மின்சாரம் வந்தபின் இன்ஜெக்டர் திறக்கும் வரை வீணாகும் நேரம்) அட்டவணை இல்லாத இன்ஜெக்டரை வாங்கவே வேண்டாம். ஐட்லிங்கில் மொத்தத் திறப்பே 2 மில்லிவிநாடி அளவு; டெட் டைமில் 0.2 பிசகினால் பத்தில் ஒரு பங்கு பிசகு. ஓ-ரிங்கில் சுத்தமான எஞ்சின் ஆயில் தடவிப் பொருத்துங்கள். சீலன்ட் ஒருபோதும் வேண்டாம்.

பிறகு அளக்க வேண்டும். வைட்பேண்ட் சென்சார் காட்டும் லாம்டாவையும் (காற்று-பெட்ரோல் விகிதம்; எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது) ரெயில் அழுத்தத்தையும் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். பூஸ்ட்டில் லாம்டா 0.80 அளவில் நின்றுகொண்டிருந்து, மேல் ஆர்பிஎம்மில் 0.90-ஐ நோக்கி ஏறினால் உடனே காலை எடுங்கள். கூடவே அழுத்தமும் சரிந்திருந்தால் குறை பம்ப், வயர், ஃபில்டர் பக்கம். அழுத்தம் நின்று, இன்ஜெக்டர் திறப்பு 100 சதவீதத்தைத் தொட்டிருந்தால் இன்ஜெக்டர் போதவில்லை. இந்தப் பற்றாக்குறை ஐட்லிங்கிலோ சாதாரண ஓட்டத்திலோ தலைகாட்டாது. கார் வெண்ணெய் போல ஓடும். பிஸ்டன் ஓட்டையாவதும் ரிங் பள்ளம் உடைவதும் முழு பூஸ்ட்டின் சில விநாடிகளில்.

சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களுக்கு மேலே சொன்னதில் பாதிதான் பொருந்தும். அங்கே 150 பாருக்கு மேலான அழுத்தத்தைத் தருவது கேம் ஷாஃப்ட் ஓட்டும் பம்ப். டேங்க் பம்ப்பை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. கழற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவை எடுத்து, எஞ்சின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். எந்தக் காரானாலும் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் அந்த வரியைத் திருத்தி, எரிபொருள் கணக்கையும் பூஸ்ட் எண்ணுக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
எரிபொருள் அமைப்பு வேலை செய்யும் மெக்கானிக் வாசகர்கள்