உள்ளே வரலாமா?

அன்புள்ள சிவா,

நலமா? உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் தேறி, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவசரப்பட்டு வண்டியை எடுக்காதே. இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை இந்த முறை ஏமாற்றவில்லை, கொல்லைக் கிணற்றில் எட்டிப் பார்த்தாலே தண்ணீர் தெரிகிறது. பெரியவள் பிரசவம் முடிந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் கிளம்பினாள். பேத்தி போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன், பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன். ரத்தக்காட்டேரிப் படம் என்றதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. ஸ்வீடன் நாட்டுப் படம். ஆங்கிலத்தில் 'லெட் தி ரைட் ஒன் இன்' என்று பெயர். 2008-ல் வந்தது, இயக்கியவர் தொமாஸ் ஆல்ஃப்ரெட்சன். சின்ன மருமகன் லேப்டாப்பில் வைத்திருந்தான். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தேன். முடிந்த பிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. பயத்தினால் அல்ல. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதை இதுதான். ஸ்டாக்ஹோமின் புறநகர் ஒன்று, பெயர் பிளாக்கெபெர்க். அடுக்குமாடிக் குடியிருப்புகள், நடுவில் ஒரு முற்றம், எங்கு பார்த்தாலும் பனி. ஒஸ்கார் என்று ஒரு பையன், வயது 12, அம்மாவோடு இருக்கிறான். அப்பா பிரிந்துபோய்க் கிராமப்பக்கம் வாழ்கிறார். பள்ளியில் மூன்று பையன்கள் அவனைத் தினமும் வதைக்கிறார்கள். அவன் ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. ராத்திரி முற்றத்துக்கு வந்து, கையிலுள்ள சின்னக் கத்தியால் மரத்தைக் குத்திக் கொண்டிருக்கிறான். அப்படி ஒரு ராத்திரி, பின்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவள், பெயர் ஏலி. பின்னொரு நாள் பார்த்தால் பனியில் வெறுங்காலோடு நிற்கிறாள், குளிரவே இல்லை என்கிறாள். வயது என்ன என்று கேட்டால், "பன்னிரண்டு, ஏறக்குறைய" என்கிறாள். பிறந்த நாள் எப்போது என்றால் தெரியாது என்கிறாள். தான் ரொம்ப காலமாகப் பன்னிரண்டிலேயே இருப்பதாக அவள் சொல்வது பிறகுதான் வரும்.

ரூபிக் கியூப் ஒன்றை ஒஸ்கார் அவளுக்கு விளையாடக் கொடுப்பான். அந்தக் காட்சியில் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. உன் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்து கொடுத்ததை வகுப்பில் யாரையும் தொடவிடாமல் டிராயர் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாயே! மூல நாவலில் கதை 1981-ல் நடக்கிறது. அந்த வருஷம் நீயும் நானும் ஏழாம் வகுப்பு. கணக்குப் பார்த்தால் ஒஸ்காருக்கும் நமக்கும் ஒரே வயசு.

நாவலை எழுதியவர் யோன் அய்விதே லிண்ட்க்விஸ்ட். படத்தின் திரைக்கதையும் அவரே. பிளாக்கெபெர்க்கில் பிறந்து வளர்ந்த மனிதர். எழுத வருவதற்கு முன் மேடையில் மந்திர வித்தையும் நகைச்சுவையும் செய்து வந்தவர். படம் பார்த்த கையோடு நாவலையும் ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தேன். ஊரைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறார். 1950-களில் திட்டம் போட்டு மொத்தமாகக் கட்டிய ஊர், சுரங்க ரயில் வந்தது, ஜனங்கள் வந்தார்கள், எல்லா வசதியும் உண்டு, பழைய கதை என்று ஒன்றுதான் கிடையாது, ஒரு தேவாலயம்கூட இல்லை என்கிறார். கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று நம் பாட்டிகள் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சிலுவையைக் காட்டி விரட்டுவது, பூண்டு மாலை கட்டுவது எல்லாம் இந்தப் படத்தில் கிடையாது. விரட்டுகிற ஆளே இல்லாத இடத்துக்குத்தான் அவள் வந்திருக்கிறாள். அந்த ஊர் மனிதர்கள் அண்டை வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்கள். ஓர் உணவகத்தில் உட்கார்ந்து குடித்துப் பொழுது போக்கும் நாலைந்து நடுவயதுக்காரர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் துணை. அவர்களில் ஒருவன் காணாமல் போனதும் மற்றவர்கள் தவிக்கிற தவிப்பை இயக்குநர் அவசரப்படாமல் காட்டுகிறார்.

குளிர் வேண்டும் என்பதற்காகப் பெரும்பகுதியை நாட்டின் வடக்கே லூலியோ என்ற ஊருக்குப் போய் எடுத்திருக்கிறார்கள். அது திரையில் தெரிகிறது, பேசும்போது வாயிலிருந்து வருகிற ஆவியைப் பார்த்தாலே நமக்குக் குளிர்கிறது. ஒளிப்பதிவு ஹொய்டே வான் ஹொய்டெமா. பிற்பாடு கிறிஸ்டோபர் நோலனோடு 'இன்டர்ஸ்டெல்லார்' செய்து, 'ஓப்பன்ஹைமர்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கினாரே, அவர்தான். கேமரா ஓடி ஆடுவதில்லை. ஒரு முகத்தருகே போய் நின்றுவிடும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாகக் கிடக்கும். சத்தத்தையும் கவனி. ஏலிக்குப் பசியெடுக்கும்போது அவள் வயிறு உறுமுவது தெளிவாகக் கேட்கும். பாவம், குழந்தைக்குப் பசிக்கிறதே என்று முதலில் மனசு இளகும். அது என்ன பசி என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும்.

ஒஸ்காராக நடித்தவன் கோரே ஹெடெபிராண்ட், ஏலியாக லீனா லெயாண்டர்சன். நடிகர் தேர்வு மட்டும் ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்ததாம். ஏலியின் குரல் அந்தப் பெண்ணுடையது இல்லை, எலிஃப் ஜெய்லான் என்ற இன்னொருவர் கொடுத்தது. இரவல் குரல் நம் சினிமாவுக்குப் புதிதில்லைதான். ஆனால் இங்கே அது எவ்வளவு வேலை செய்கிறது தெரியுமா! சின்ன முகத்திலிருந்து கொஞ்சம் கனத்த, களைத்த குரல் வருகிறது. இவள் ரொம்ப நாள் வாழ்ந்து சலித்தவள் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

ஹோகன் என்று வயதான ஒருவன் ஏலியோடு இருக்கிறான். அவளுக்காக ரத்தம் தேடிப் போகிறவன் அவன். ஒரு பிளாஸ்டிக் கேன், ஒரு புனல், ஒரு கத்தி இவற்றைப் பையில் எடுத்து வைத்துக்கொள்வதை ஏதோ பால் வாங்கக் கிளம்புகிறவன் மாதிரி செய்கிறான். காட்டுக்குள் ஒருவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவன் வேலையைத் தொடங்கும்போது, எங்கிருந்தோ ஒரு வெள்ளை நாய் வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிவிடும். விரட்டினாலும் போகாது. படத்தில் எனக்குக் கை நடுங்கிய இடம் அதுதான். நாவலில் இந்த ஹோகன் இன்னும் அருவருப்பான ஆள், குழந்தைகளிடம் தவறான ஆசை கொண்டவன். படம் அதை முழுக்க விட்டுவிட்டது. நல்லதுதான் என்பேன். அதை வைத்திருந்தால் நம் கண் முழுக்க அவன் மேலேயே போயிருக்கும். அவன் யார், எத்தனை வயதில் அவளோடு சேர்ந்தான் என்று படம் சொல்வதே இல்லை. அவனையும் ஒஸ்காரையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது உனக்கே ஒரு கேள்வி எழும். அதைப் பற்றி நீ பார்த்த பிறகு பேசுவோம்.

குறை இல்லாமல் இல்லை. பூனைகள் ஒரு பெண்மேல் பாய்கிற காட்சி கம்ப்யூட்டரில் செய்தது என்று பச்சையாகத் தெரிகிறது, எனக்கு ஒட்டவில்லை. அதை மட்டும் மன்னித்துவிடு.

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன். ரத்தக்காட்டேரி ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், உள்ளே இருக்கிறவர் வா என்று சொல்ல வேண்டும் என்று அந்தப் பக்கத்துக் கதைகளில் ஒரு விதி உண்டு. படத்தின் தலைப்பும் அதைத்தான் நினைவூட்டுகிறது. ஏலி ஒருநாள் ஒஸ்காரின் வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே வரலாம் என்று சொல் என்கிறாள். அவளைப் பற்றி அவனுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது, கொஞ்சம் கோபம். நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஏதாவது தடுக்குமா என்று சீண்டுகிறான், வாயால் சொல்லாமல் கையை மட்டும் அசைக்கிறான். அவள் ஒன்றும் பேசாமல் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நிற்கிறாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் உடம்பு நடுங்க ஆரம்பிக்கிறது. கண், காது, தலை, முதுகு என்று தோல் முழுக்க ரத்தம் கசிகிறது. அவன் பதறிப்போய், வரலாம், நீ வரலாம் என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான்.

இதை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? நாலு தடவை. வாங்க என்று ஒரு வார்த்தை கேட்காத வீட்டுப் படியில் நின்றால் நமக்கு உடம்பு கூசிப்போகுமே, அந்தக் கூச்சத்தை எவ்வளவு பெரிய நோவாக மாற்றிவிட்டார் அந்த மனிதர்! அவன் தன்னைக் காயப்படுத்துவான் என்று தெரிந்தேதான் அவள் உள்ளே வருகிறாள். யாரும் வா என்று சொல்லாத இரண்டு குழந்தைகள் ஒருவரை ஒருவர் வா என்று சொல்கிற கதை இது, சிவா. எனக்கு அப்படித்தான் பட்டது.

பார்ப்பதானால் ஸ்வீடிஷ் ஒலியிலேயே பார். ஆங்கில டப்பிங் வேண்டாம். சப்டைட்டிலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் டிவிடி வந்தபோது வசனங்களைச் சுருக்கித் தட்டையாக்கிப் போட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் சண்டை போட்ட பிறகுதான் தியேட்டரில் வந்த சப்டைட்டிலோடு மறுபடி வெளியிட்டார்கள். 2010-ல் 'லெட் மீ இன்' என்று அமெரிக்கர்கள் திரும்பவும் எடுத்தார்கள், கதையை நியூ மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோய். அதுவும் மோசமில்லை, ஆனால் இதைப் பார்த்த பிறகு பார். நீச்சல் குளத்தில் நடக்கும் காட்சியைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்.

தூக்கம் வரவில்லை என்றேனே, அதைச் சொல்கிறேன். அந்த மூன்று பையன்களும் ஒஸ்காரைக் குச்சியால் அடிக்கிற காட்சி ஒன்று வரும். தலைவன் சொல்ல, கூட நிற்பவனும் அடிக்கிறான். அவனுக்கு மனசே இல்லை, முகம் அழுகிற மாதிரி போய்விடுகிறது. ஆனாலும் அடிக்கிறான். நிறுத்து என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அடிபட்ட ஒஸ்கார் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், கீழே விழுந்துவிட்டேன் என்கிறான்.

நம் வகுப்பில் சோடாபுட்டி இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? இதை எழுதும்போது அவன் பெயரை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. ஒருநாள்கூட நாம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் அவன் கண்ணாடியைப் பிடுங்கி ஒவ்வொருவராகக் கை மாற்றுவார்கள். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் திரும்பித் திரும்பி நடப்பான். நீயும் நானும் அடித்ததில்லை. ஆனால் ஒருநாள் அந்தக் கண்ணாடி என் கைக்கு வந்தது. அவனிடம் கொடுத்திருக்கலாம். நான் உன்னிடம் கொடுத்தேன், நீ அடுத்தவனிடம் கொடுத்தாய். எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. ஏன் என்று நாம் யாரையும் கேட்கவும் இல்லை.

பத்து நாளாக விசாரித்தேன். அவன் தங்கை மேலத்தெருவில்தான் இருக்கிறாளாம், உரக்கடைக்காரர் சொன்னார். அவன் பக்கத்து ஊரில் மாவு மில் வைத்திருக்கிறானாம். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். நேற்று பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவன் வாசலில் போய் நின்றால் வா என்று சொல்வானா என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு நீ வருவதாக எழுதியிருக்கிறாய். காணும் பொங்கல் அன்று காலையில் இரண்டு பேருமாகப் போவோமா? அதற்குள் முழங்காலைச் சரிசெய்து வை. படத்தையும் பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு