சாரதிக்குக் காலையில் அரை மணித்தியாலம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனன்குடாப் பக்கத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கனரக இயந்திரங்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில், நம் மாவட்டத்தில் எல்லோரும் 'பொப்கட்' என்று அழைக்கும் சிறிய சுமையேற்றி இயந்திரங்களைப் பற்றி எழுதுகிறேன். கடந்த மாதம் ஒரு பொது நிறுவனத்தின் முற்றத்தில், பழைய இரும்பாக ஏலம் விடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பொப்கட் ஒன்றைப் பார்க்க அழைக்கப்பட்டேன். புது பெட்டரி பூட்டியதும் எஞ்சின் உடனே இயங்கியது. ஹைட்ரோலிக் பம்புகளிலும் குறை தெரியவில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மட்டும் இறுகி நின்றன. சக்கரங்களைச் சுழற்றும் செயின்கள் இருக்கும் பெட்டியின் அடி மூடியைக் கழற்றியபோது முதலில் ஒரு போத்தல் அளவு தண்ணீர் வந்தது; பிறகு சாம்பல் நிறத்தில் பால்போலக் கலங்கிய ஒயில் வந்தது; கடைசியில் உடைந்த செயின் கண்ணித் துண்டு ஒன்று துளையின் வாயில் வந்து அடைத்துக்கொண்டது. அறுந்த செயின் பற்சக்கரத்தில் சுற்றியிருந்தது.

பக்கத்தில் நின்ற சாரதி சொன்னது: "அண்ணை, அச்சு சீலால ஒயில் கசியுது எண்டு ஏழு மாசமாச் சொன்னனான். மீட்டர் ஓடாத நேரத்துக்குச் சம்பளம் இல்லை எண்டிட்டினம்." சீல் என்பது அச்சைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம்; மீட்டர் என்பது எஞ்சின் ஓடும் மணித்தியாலங்களைக் கணக்கிடும் கருவி. இக்கடிதம் எழுதுவதற்கு இந்தப் பேச்சே காரணம்.

இந்த வகை இயந்திரம் பிறந்ததே ஒரு சிறு பட்டறையில்தான். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரொத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த கெல்லர் சகோதரர்கள், வான்கோழிப் பண்ணை ஒன்றின் மாடிக் கொட்டகையைத் துப்புரவு செய்வதற்காக மூன்று சக்கரங்களுடன் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். நான்கு சக்கர வடிவம் 1960இல் வந்தது. ஆகவே, பழைய மாதிரிகளில் நம் ஊர்ப் பட்டறையால் திருத்த முடியாதது அதிகம் இல்லை. கணினிப் பெட்டி இல்லை. சாவியும் சுத்தமான துணியும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் இதன் வேலை முறை வேறு வாகனங்களைப் போன்றதல்ல என்பதைச் சாரதிக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முன் சக்கரங்கள் திரும்புவதில்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் மற்றப் பக்கத்தை விட வேகமாகவோ எதிர்த்திசையிலோ சுழல, டயர்கள் தரையில் வழுக்கித்தான் வண்டி திரும்புகிறது. அந்த உராய்வின் பாரம் முழுவதும் செயின்களுக்கும் அச்சுப் பேரிங்குகளுக்கும் போகிறது. ஒரே பக்கத்தில் தேய்ந்த டயர் ஒன்றும் புது டயர் ஒன்றும் பூட்டினால், ஒரே மோட்டரால் ஒரே வேகத்தில் சுழல வேண்டிய இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துச் செயினைத் தின்கின்றன. காசு மிச்சம் என்று நினைத்து ஒரு டயரை மட்டும் மாற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அந்தச் செயின்கள் மூடிய பெட்டிக்குள் ஒயிலில் தோய்ந்து ஓடுவதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை. பல மாதிரிகளின் கைநூல்கள் 1,000 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்த ஒயிலை மாற்றச் சொல்கின்றன; நான் திறந்த பெட்டிகளில் பெரும்பாலானவை வாங்கிய நாள் முதல் திறக்கப்படாதவை. சாரதியின் காலடியிலுள்ள மூடியின் காஸ்கட் (இடைவெளியை அடைக்கும் தகடு) கெட்டிருந்தால், மாலையில் பிரஷர் போட்டுக் கழுவும் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். கழுவுவது நல்ல பழக்கம்தான். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கடற்கரை மண்ணில் நின்ற வண்டியைக் கழுவாமல் விட்டால் உப்பு மூட்டுகளிலுள்ள பின்களையும் வயர் முனைகளையும் தின்றுவிடும். மூடியைச் சரிசெய்த பிறகு கழுவ வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அரிசி ஆலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இடைஞ்சல் வேறு: கச்சான் காற்று வீசும் மாதங்களில் உமியும் தூசியும் ஒயில் கூலரையும் ரேடியேட்டரையும் பாய்போல மூடிவிடுகின்றன. சூடேறிய ஒயில் மெலிந்து, பம்பும் மோட்டரும் தேய்ந்து, பகலில் வண்டி இழுக்காமல் போகிறது. அதைப் பார்த்துப் பம்ப் போய்விட்டது என்று தீர்மானிப்பவர்கள், முதலில் கூலருக்கு உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துப் பார்க்க வேண்டும்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருக்கைக்கு முன்னாலுள்ள தடுப்புக் கம்பியைத் தூக்கினால், வாளியைத் தூக்கும் இயந்திரக் கை இயங்காமல் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை, பழுதானதும் வயரைச் சேர்த்துக் கட்டி ஏமாற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. உயர்த்திய கைக்குக் கீழே, தாங்கு கட்டை பூட்டாமல், யாரும் தலையை நீட்டக்கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் கை விழுவதற்கு ஒரு நொடி போதும். என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தான். சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தல் அளவு அழுத்தத்தில் வந்த ஒயில், முள் குத்தியதுபோல ஒரு புள்ளியாக விரலுக்குள் புகுந்தது. இரத்தம்கூட வரவில்லை என்று அவன் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் விரல் வீங்கிக் கறுத்து, அறுவைச் சிகிச்சை வரை போயிற்று. கசிவை மட்டைத் துண்டை நீட்டித்தான் தேட வேண்டும்; ஒயில் புகுந்தால், வலி இல்லாவிட்டாலும், அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது பெரிய பணமல்ல, நேரம். பின்களுக்குக் கிறீஸ் அடிப்பதும், ஒயில் மட்டங்களைப் பார்ப்பதும், டீசல் பில்டரின் அடியில் நிற்கும் தண்ணீரைத் திறந்து விடுவதும், சக்கர நட்டுகளை இறுக்குவதும், கூலரை ஊதுவதும் காலையில் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். ஆனால் வாடகை மீட்டர் கணக்கில் ஓடுகிறது. சம்பளமும் மீட்டர் கணக்கில் ஓடுகிறது. அந்த அரை மணித்தியாலத்தில் மீட்டர் ஓடுவதில்லை. ஆகவே அதைச் செய்யும் சாரதி தன் பணத்தில் செய்கிறான், செய்யாதவன் குற்றவாளியாகிறான். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலை என்னவாயிற்று என்பது இத்தொழிலில் உள்ள எவருக்கும் மறக்காது; அதன் பின்னும் இந்தக் கணக்கு முறையை நாம் மாற்றவில்லை. உள்ளூராட்சி நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் ஆலை உரிமையாளர்களும் அந்த அரை மணித்தியாலத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். அதில் சாரதி எழுதும் கசிவுக்கு மேற்பார்வையாளர் ஒரு வாரத்துக்குள் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சீல், காஸ்கட், பில்டர் போன்ற சிறு பொருட்களை மூன்று விலைமனுக்களுக்குக் காத்திருக்காமல் வாங்கும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்குக் கிடைக்க வேண்டும்.

நான் பார்த்த அந்த இயந்திரத்தின் ஏலத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. செயின், சீல், மூடியின் காஸ்கட் ஆகியவற்றை வாங்கித் தந்தால், அதை நான்கு நாளில் ஓடவைக்க முடியும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்திலும் அறிவித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கனரக இயந்திரத் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை