லிஸ்ட் மூடுவதற்குள் மலருக்கு

குடியாத்தம்

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். தம்பி இதை ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்புவான்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மேல்படிப்புக்கு நீ வரிசைப்படுத்திக் கொடுக்கிற ரேங்க் லிஸ்ட்டில் மெடிசினா, மனநலம் பார்க்கிற சைக்கியாட்ரியா, எது மேலே என்று பேசும்போது ஞாயிற்றுக்கிழமை நீ, "மெடிசின் எல்லாத்தையும் மேல போட்டுட்டு சைக்கியாட்ரியக் கீழ தள்ளிடலாம்னு இருக்கேன்ப்பா, அதான் சேஃப்" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். அம்மா எதிரில் இருந்தாள், வேறென்ன சொல்வது? மார்ச் முதல் வாரத்தில் ரேங்க் லிஸ்ட் மூடிவிடும், அப்புறம் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. அதற்குள் இதை நீ படிக்கணும்.

உங்கள் லிஸ்ட்டையும் ஆஸ்பத்திரிகள் லிஸ்ட்டையும் சேர்த்து இடம் ஒதுக்குகிற அந்த மேட்ச் எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். கேல், ஷாப்லி என்ற இரண்டு பேர் 1962-ல் எழுதிய கணக்கு. ஷாப்லிக்கும், உங்கள் மேட்ச்சைத் திருத்தியமைத்த ரோத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கொடுத்திருக்கிறார்கள். பழைய பரீட்சைப் பேப்பர் பின்பக்கத்தில் மூன்று மாணவர், மூன்று ஆஸ்பத்திரி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தி முதலில் கேட்ட இடம் அவளை எடுக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் அவளுடைய இரண்டாவது இடத்துக்குப் போகிறது. அங்கே ஏற்கனவே ஒரு பையன் இருக்கிறான். அந்த ஆஸ்பத்திரி தன் லிஸ்ட்டில் இவளை அவனுக்கு மேலே வைத்திருந்தால் அவன் எழுந்துகொள்ளணும், இடம் இவளுக்கு. எல்லாம் முடிகிறவரை யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை. நம்ம ஊர் பஸ் மாதிரி முந்தித் துண்டு போட்டவனுக்கு சீட் என்பது அங்கே கிடையாது.

அதனால் சைக்கியாட்ரியை மேலே போட்டு, அது கிடைக்காமல் போனாலும், கீழே இருக்கிற மெடிசின் இடத்தில் உனக்கிருந்த வாய்ப்பு துளியும் குறையாது. நீ எதை எத்தனாவதாகப் போட்டாய் என்று அந்த ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் மெடிசினை மேலே போட்டு, அது கிடைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. கீழே இருக்கிற சைக்கியாட்ரியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிடைத்த இடத்துக்கு நீ கட்டுப்பட்டே ஆகணும்.

பிடித்ததை மேலே போடு மலர்.

போன மார்ச்சைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஆனால் இடம் இல்லை என்று வந்த அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் நீ எதையும் பயந்து பயந்துதான் செய்கிறாய். அமெரிக்க டாக்டர் பரீட்சையில் ஸ்டெப் 1, 2022-லிருந்து வெறும் பாஸ், ஃபெயில் என்று ஆகிவிட்டது, இனிமேல் ஸ்டெப் 2 மார்க்தான் பேசும் என்று நீதானே சொன்னாய்? அந்த மார்க்கை வாங்கிக் காட்டினவளும் நீதானே? சைக்கியாட்ரி இன்டர்வியூவுக்கு அவர்களாகக் கூப்பிட்டுத்தானே பேசினார்கள்?

செப்டம்பரில் நீ அனுப்பின பர்சனல் ஸ்டேட்மென்ட்டைப் படித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. சித்தியைச் சேர்த்திருந்த பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வீட்டு ஆளும் தங்கணும் என்று பாட்டி அங்கே இருந்தது, நீ யூனிஃபார்மோடு சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தது எல்லாம் எழுதியிருந்தாய். சித்தி சாதத்தை நாலாகப் பிரித்து ஒரு பங்கை உன் பக்கம் தள்ளினாளாமே. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், என் கண்ணில் அது படவில்லை. உன் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படி எழுதின பெண் லிஸ்ட்டில் மட்டும் எதற்காக அதைக் கீழே ஒளித்துவைக்கணும்? எனக்கு அது பொறுக்கவில்லை.

சித்தி பேரை எழுதாமல் விட்டது நல்லது. அம்மாவிடம் நான் காட்டவில்லை. தங்கச்சி பேச்சை எடுத்தால் அவள் எப்படி ஆகிவிடுவாள் என்று உனக்குத் தெரியும். இருதய டாக்டர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மெடிசின் மூன்று வருஷம், அப்புறம் இருதயத்துக்கு மறுபடி விண்ணப்பம் போட்டு இன்னொரு மூன்று வருஷம். அம்மா மனசுக்காக ஒருத்தி ஆறு வருஷம் படிக்க முடியாது. சைக்கியாட்ரி நாலு வருஷம்தான். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஜே-1 விசாவில் படித்து முடித்தால் இரண்டு வருஷம் ஊரில் வந்து இருக்கணும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் அதற்கு விலக்கு வாங்கலாம் என்பதை நான் சொல்லவில்லை. நீயும் இப்போது சொல்லாதே. வைகாசி ஒன்னாந்தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை வருவதாக இருந்தால் அதோடு சேர்த்து வரச்சொல்கிறாள்.

வளையலை மீட்டாச்சு. காசை நினைத்து லிஸ்ட்டை மாற்றாதே.

திரும்பவும் சொல்கிறேன், பிடித்ததை மேலே போடு. போக மனமில்லாத இடத்தைப் போடவே போடாதே. மெடிசின் கீழே இருக்கட்டும், லிஸ்ட் நீளமாக இருப்பதால் மேலே உள்ளதற்கு ஒரு சேதமும் இல்லை. லிஸ்ட்டை இதுதான் என்று உறுதிசெய்து சர்ட்டிஃபை பண்ணினதும் எனக்கு ஒரு வரி அனுப்பு.

மேட்ச் வாரத் திங்கட்கிழமை உனக்கு மெயில் வரும்போது இங்கே இரவாகியிருக்கும். என்ன வந்தாலும் நீயே கூப்பிடு, போன தடவை மாதிரி தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பாதே. இல்லை என்று வந்தால் அந்த வாரத்திலேயே காலியாக மிஞ்சின இடங்களுக்கான சோப் சுற்று இருக்கிறது, அதற்கு எதைப் போடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா